நாலாவது மூட்டை

"போட்டோ எடுக்கும்போது மனுஷன் கேமராவைத்தானே பார்ப்பான்? இவர் ஏன் தரையைப் பார்க்கறார்? சில்லறை கில்லறை விழுந்துடுச்சா?"

கேட்ட பிறகுதான் அரை வக்கீல் நாக்கைக் கடித்துக்கொண்டான். புருஷனைக் காணாமல் அழுது முகம் வீங்கிப் போனவள் காரின் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் நீட்டிய போட்டோவுக்கு இப்படியா விமர்சனம் சொல்வது! வாயை அடக்கத் தெரிந்திருந்தால் அவன் இந்நேரம் முழு வக்கீலாகவே ஆகியிருப்பான். சட்டக் கல்லூரியில் பாதியில் வெளியே அனுப்பினார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர், தலை நரைத்த பிறகும் முழுசாகவில்லை.

"உன் திருவாயைக் கொஞ்சம் மூடறியா?" என்றாள் அண்ணி.

அண்ணி என்றால் அவனுடைய சொந்த அண்ணன் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பல வருஷம் இருந்து, எரியாத கடைக்குத் தீ விபத்துப் பணம் கேட்டவர்களையும் சாகாத மாமனாருக்குக் காரியம் பண்ணியவர்களையும் பிடித்துக் கொடுத்தவள். வேலையை விட்டபின் சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்தாள். அண்ணன் வீட்டில் டி.வி. ரிமோட்டைக்கூடத் தேடி எடுக்கமாட்டார். அண்ணி ஊரில் தொலைந்தவர்களையெல்லாம் தேடி எடுப்பாள். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆள் தேடினால் போதாதா என்பது அண்ணனின் கட்சி.

"பரவால்ல மேடம், அண்ணா கேட்டதுல தப்பில்ல" என்றாள் பின் சீட்டில் இருந்தவள். "எனக்கே தெரியல. ஆலையில குடும்ப விழான்னு கூட்டிட்டுப் போனார். அன்னிக்கு எடுத்தது. அவர் தனியா நிக்கற போட்டோ எதுவும் இல்ல, அதான் இதைக் காட்டி எல்லார்கிட்டயும் விசாரிச்சுட்டு இருக்கேன்."

போட்டோவில் நடுவே அவர். ஒரு பக்கம் வெள்ளை மாவு மூட்டைகள், மறுபக்கம் அவளும் ஏழெட்டு வயசு மகளும். டாக்டர், டாக்டர் என்று ஊரே அவரைக் கூப்பிடும். ஊசி போடுகிற டாக்டர் இல்லை; ரசாயனம் படித்து ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர். ஆலையின் வாட்ச்மேன் ஒருமுறை இடுப்பு வலிக்கு மாத்திரை கேட்டபோதுகூட, இல்லை என்று சொல்லாமல் கடையில் வாங்கிக் கொடுத்த மனுஷன்.

எதிரே அந்த ஆலை. அதன் பின்னால் குப்பை மலை. மலை என்றால் நிஜமாகவே மலை; பிளாஸ்டிக் பாட்டிலும் கவருமாக, ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் தெரியும். அதைக் கரைத்துக் காட்டுகிறேன் என்று வந்ததுதான் இந்த ஆலை. பாட்டிலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு பெரிய கொப்பரையில் போட்டு, கிளைக்கால் என்ற பாகு மாதிரியான திரவத்தை ஊற்றிக் காய்ச்சுவார்கள். கூடவே டாக்டர் கண்டுபிடித்த வினையூக்கி கொஞ்சம். ஆலையில் யாரும் அந்தப் பேரைச் சொல்வதில்லை, 'மருந்து' என்பார்கள். பிளாஸ்டிக் என்பது கண்ணுக்குத் தெரியாத சங்கிலி. மருந்து அந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக அறுத்துவிடும். ஆறினால் வெள்ளை வெளேரென்று மாவு. அந்த மாவிலிருந்து மறுபடி புத்தம்புது பிளாஸ்டிக். ஊரே கை தட்டியது.

போன வாரம் டாக்டரைக் காணோம். மருந்து டப்பாவையும் காணோம். மருந்தைத் திருடிக்கொண்டு போய் வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டார் என்று ஆலை போலீஸில் எழுதிக் கொடுத்தது. மறுநாள் காலையில் அவள் கதவைத் திறந்தால் வாசல் முழுக்கக் குப்பை. யாரோ வண்டியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

"பாப்பா ஸ்கூலுக்குப் போகமாட்டேங்கறா மேடம். திருடன் மகள்னு சொல்றாங்களாம். அவர் வராட்டிகூடப் பரவால்ல..." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "திருடலைன்னு மட்டும் நிரூபிச்சுக் குடுங்க. எனக்கு அது போதும்."

அண்ணி அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். "நீ கார்லயே இரும்மா, உன்னை இங்க அடையாளம் தெரியும். வக்கீலே, வா. நான் காலேஜ் புரொபசர். நீ என் அசிஸ்டென்ட்."

"அசிஸ்டென்ட்டுக்கு என்ன தெரியணும் அண்ணி?"

"ஒண்ணும் தெரியக்கூடாது. நீ நீயா இரு."

பார்வையாளர் என்றால் அந்த ஆலைக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. மேனேஜர் வாயெல்லாம் பல்லாக வந்து, ஆளுக்கொரு மஞ்சள் ஹெல்மெட் கொடுத்தார். அண்ணிக்கு அளவாக இருந்தது. அரை வக்கீலுக்கு அது கண்ணை மறைத்தது.

"மருந்து திருடு போயிடுச்சுன்னு கேள்விப்பட்டோமே?" என்றாள் அண்ணி.

மேனேஜர் முகம் சட்டென்று சோகமானது. "என்னத்தைச் சொல்றது மேடம். உப்பிட்ட வீட்டுக்கே ரெண்டகம். கையிருப்புல கொஞ்சம் மருந்து இருக்கு, அதை வெச்சு இந்த மாசம் ஓட்டலாம். அப்புறம் மூடவேண்டியதுதான். ஒரே ஒரு ஆளால ஊரே நாசம்."

சோகத்தைச் சொல்லி முடித்ததும் பல் மறுபடி வெளியே வந்தது. அவர் காட்டிக்கொண்டே போனார். இந்தப் பக்கம் பிளாஸ்டிக் துண்டு மூட்டைகள். மூன்று மூன்றாகத் தள்ளுவண்டியில் ஏற்றி மேலே அனுப்புகிறார்கள். நடுவே கொப்பரை, சூடு என்று சங்கிலி கட்டி மறித்திருந்தது. அந்தப் பக்கம் மாவுக் கூடம். தரையில் வரிசை வரிசையாக மஞ்சள் பெயின்ட்டில் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒன்றாக வெள்ளை மாவு மூட்டைகள் நின்றன.

"மூணு மூட்டை உள்ள போனா எவ்வளவு மாவு வரும்?" என்று கேட்டாள் அண்ணி.

மேனேஜர் நெஞ்சை நிமிர்த்தினார். "மூணு போனா மூணு! கைப்பிடி குறையாது. வேணும்னா எடை போட்டே காட்டறேன்."

"எங்க வீட்ல மூணு டம்ளர் பால் காய்ச்சினா ரெண்டுதான் வருது" என்றான் அரை வக்கீல். "மீதியை அண்ணன் குடிச்சிடறார்."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். சுவரில் வரிசையாகப் போட்டோக்கள் மாட்டியிருந்தன. கோட்டு போட்டவர்கள், மாலை போட்டவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். எல்லோரும் இதே மூட்டைகளுக்குப் பக்கத்தில்.

"யார் வரலைன்னு கேளுங்க மேடம். பெரிய பெரிய புரொபசருங்க, வெளிநாட்டு இன்ஜினியருங்க, சர்ட்டிபிகேட் குடுக்கற அதிகாரிங்க, எல்லாரும் வந்து பார்த்துப் பாராட்டிட்டுப் போனாங்க. சார், உங்க போனைக் குடுங்க. இப்படி வந்து நில்லுங்க. எல்லாரும் இங்கதான் நிப்பாங்க, இடமும் காலியா இருக்கு, வெளிச்சமும் நல்லா விழும்."

அரை வக்கீல் மூட்டை மேல் முழங்கையை ஊன்றி, ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு, கல்யாண மாப்பிள்ளையாகச் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை. அவள் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருமுறை நடந்துவிட்டு வந்தாள். ஏதோ உறுத்துகிறது என்று அரை வக்கீலுக்குத் தெரிந்துபோயிற்று. உறுத்தினால் அண்ணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

காருக்குத் திரும்பியதும் பின் சீட்டுக்காரி ஆவலாக முன்னால் சாய்ந்தாள்.

"ஒண்ணும் பெரிசா கிடைக்கலம்மா" என்றாள் அண்ணி. "மூணு போட்டா மூணு வருதுன்னு பெருமையடிச்சார், அவ்வளவுதான்."

"மூணா? நாலுல்ல வரும்?"

அண்ணி திரும்பினாள். "என்ன சொன்னே?"

"நாலு வரும் மேடம். அவர் பாப்பாவுக்கு விடுகதை போடுவார். 'மூணு பேர் உள்ள போனாங்க, நாலு பேர் வெளிய வந்தாங்க, நாலாவது ஆள் யாரு?' பாப்பா 'கிளைக்கால் மாமா'ன்னு கத்துவா. தினமும் சோறு ஊட்டும்போது இதே கூத்துதான்." நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. "சங்கிலி அறுந்ததும், அறுந்த முனையில எல்லாம் அந்தத் திரவம் போய் ஒட்டிக்குமாம். அதனால மாவோட எடை கூடிடும்பார். மூணு மூட்டை துண்டு போட்டா நாலு மூட்டை மாவு."

"வக்கீலே, போனை எடு. உன் அழகு போட்டோவைக் காட்டு."

அரை வக்கீல் பெருமையாக நீட்டினான். அண்ணி அவன் முகத்தைச் சட்டை பண்ணவேயில்லை. படத்தைப் பெரிதாக்கி, கீழே, அவன் செருப்புக்கு வந்தாள்.

"எங்க நிக்கறே பார்."

பார்த்தான். செருப்பைச் சுற்றி மஞ்சள் கோடு. கட்டம். வரிசைக்கு நாலு கட்டம் இருக்கிறது. மூன்றில் மூட்டை. நாலாவதில் இளித்துக்கொண்டு அவன்.

"எல்லா வரிசையிலயும் அப்படித்தான்" என்றாள் அண்ணி. "நாலு நாலா கட்டம் போட்டிருக்கு, மூணு மூணா மூட்டை நிக்குது. அதான் என் கண்ணை உறுத்திச்சு, காரணம் தெரியல."

"நாலாவதை எவனாவது தள்ளிட்டுப் போயிருப்பான் அண்ணி."

"திருடறவன் அள்ளினது வரை லாபம்னு போவான். வரிசைக்கு ஒண்ணா, வரிசை தப்பாம எடுக்கமாட்டான். இது குறைஞ்ச கணக்கில்ல தம்பி, சோடிச்ச கணக்கு. உள்ள மூணு போச்சு, வெளிய மூணு காட்டணும்னு எவனோ மாவை வெளியிலேருந்து வாங்கி அடுக்கியிருக்கான். அந்தக் கொப்பரை ஒண்ணையும் காய்ச்சலை."

அரை வக்கீல் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"இன்னொண்ணும் கேட்டுக்கோம்மா" என்றாள் அண்ணி பின்னால் திரும்பி. அவள் குரலில் ஒரு உற்சாகம் வந்துவிட்டது, அதை நினைத்துப் பிற்பாடு அவள் ரொம்ப வருத்தப்பட்டாள். "இதை உன் வீட்டுக்காரர் பண்ணியிருந்தா நாலு வெச்சிருப்பார். மூணுக்கு மூணுன்னு வெச்சவன் ரசாயனம் தெரியாதவன். அந்த மேனேஜர் மாதிரி ஆள். உன் வீட்டுக்காரருக்கும் இந்தப் பித்தலாட்டத்துக்கும் சம்பந்தமில்ல."

பின் சீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். காரியம் கைகூடிய அழுகை. "எனக்குத் தெரியும் மேடம். எனக்குத் தெரியும்."

அப்போது ஆலையின் பின் கேட்டிலிருந்து ஒரு லாரி, தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வெளியே வந்து, எதிரே இருந்த வேகத்தடையில் ஏறி இறங்கியது.

"மாவு கொண்டுவந்த லாரி காலியாத் திரும்புது போல" என்றான் அரை வக்கீல்.

"காலி லாரி வேகத்தடையில ஏறினா தெருவே கடகடன்னு அதிரும். இது பொத்துனு இறங்குது. வயிறு நிறைய ஏதோ இருக்கு. எடு வண்டியை!"

அண்ணன் காலத்துக் கார். சாவியைத் திருப்பினால் முதலில் இருமும், பிறகு யோசிக்கும், மூன்றாவது தடவைதான் மனசு வைக்கும். அது மனசு வைப்பதற்குள் லாரி கண்ணுக்கு எட்டாமல் போய்விட்டது.

"போச்சு" என்று ஸ்டியரிங்கில் குத்தினான் அரை வக்கீல்.

அண்ணி இறங்கி வேகத்தடைக்குப் போய்க் குனிந்தாள். திரும்பி வந்து உள்ளங்கையை விரித்தாள். நகம் அளவுக்கு நீல நீலமாகப் பிளாஸ்டிக் துண்டுகள்.

"குலுங்கினா சிந்துது. ஊர்ல எவ்வளவு வேகத்தடை இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாது அண்ணி, என் இடுப்புக்குத் தெரியும்."

"அப்ப உன் இடுப்பை நம்பிப் போவோம்."

போனார்கள். தெரு பிரிகிற இடத்திலெல்லாம் அரை வக்கீல் இறங்கி, எந்தப் பக்கத்து வேகத்தடையில் நீலம் கிடக்கிறது என்று பார்த்தான். பஸ்காரன் திட்டினான். சைக்கிளில் போன ஒருவர், என்ன தம்பி தொலைச்சீங்க என்று விசாரித்தார். "மானத்தை" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான். மருத்துவமனையைத் தாண்டி, மரக்கடையைத் தாண்டி, மூடிக் கிடந்த ஒரு ஐஸ் ஃபாக்டரி வாசலில் நீலம் நின்றுவிட்டது.

லாரியைக் காணோம், வழியில் எங்கேயோ நின்றிருக்க வேண்டும்; இங்கே கிடந்தது முந்தைய நடைகளில் சிந்தியது. பக்கத்துச் சந்தில் ஒரு சின்னக் கதவு. தள்ளினால் திறந்துகொண்டது.

உள்ளே ஐஸ் இல்லை. ஒரு காலத்தில் ஐஸ் கட்டி அடுக்கிய கூடத்தில், தரையிலிருந்து கூரைத் தகரம் வரை பிளாஸ்டிக் துண்டு. நீலம், பச்சை, நிறமில்லாதது, எல்லாம் குவியல் குவியலாக. ஒரு வருஷமாக ஊர் கழுவிக் காயவைத்து, தரம் பிரித்து, ஆலைக்கு நல்லது என்று ஆசையாகக் கொடுத்தனுப்பிய அத்தனை பாட்டிலும் இங்கே வந்து குந்தியிருந்தது. அரை வக்கீல் தன் வீட்டு எண்ணெய்ப் பாட்டிலும் இதில் எங்கேயோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். லேபிளைக்கூட உரித்துக் கொடுத்திருந்தான். எரிச்சலாக வந்தது.

கோடியில் ஒரு சின்ன அறையில் வெளிச்சம் தெரிந்தது. முதலில் ஓடியவள் டாக்டரின் மனைவிதான்.

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முன்னால் மின்சார அடுப்பு. அதன் மேல் ஒரு எஃகுப் பாத்திரம், அதில் கருப்பாக ஏதோ குழம்பு. பக்கத்தில் மூடி திறந்த மருந்து டப்பா. தாடி மண்டி, கண் குழி விழுந்து, போட்டோவில் இருந்த ஆளுக்கு அண்ணன் மாதிரி இருந்தார்.

"நீ எதுக்கு இங்க வந்தே?" என்றார் மனைவியிடம். எழுந்திருக்கவில்லை. கரண்டியையும் விடவில்லை.

"ஏங்க, எல்லாம் தெரிஞ்சுபோச்சு. இவங்க கண்டுபிடிச்சுட்டாங்க. அந்த மேனேஜர்தான் எல்லாத்தையும் பண்ணியிருக்கான். மூட்டை மூணுதான் இருக்காமே, நீங்க பண்ணியிருந்தா நாலு வெச்சிருப்பீங்களாம். வாங்க, போலீஸ்ல சொல்லிடலாம்." மூச்சுவிடாமல் கொட்டினாள்.

டாக்டர் அண்ணியை நிமிர்ந்து பார்த்தார். "மூணுதான் இருக்குன்னு நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"காலிக் கட்டத்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

டாக்டர் கரண்டியைக் கீழே வைத்தார். "ஒரு வருஷம் ஆச்சும்மா. நீங்கதான் முதல் ஆள்."

அண்ணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "தெரியாம வெச்ச மூணு இல்லையா இது?"

"அந்த நாலு கட்டத்தையும் என் கையால பெயின்ட் அடிச்சேன். தெரியாமலா வைப்பேன்?"

அரை வக்கீல் டாக்டரின் மனைவி பக்கம் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தான்.

"மருந்து நிஜம்தாங்க" என்றார் டாக்டர். "லேப்ல நல்லா வேலை செஞ்சது. ஒவ்வொரு பாட்டிலையும் நானே கழுவி, மேல சுத்தியிருக்கற லேபிள் உறையை நானே உரிச்சுப் போடுவேன். அந்த உறை வேற ரகப் பிளாஸ்டிக். சூட்டுல அமிலம் கக்கும். மருந்துக்கு அது விஷம். ஆலையிலயும் அதைப் பொறுக்கி எடுக்க ஆள் வெச்சேன். வேகம் பத்தலைன்னு முதலாளி அவங்களை நிறுத்திட்டார். கொஞ்சம் போனா என்ன, கொஞ்சம்தானேன்னார். ஒருநாள் கொப்பரையைத் திறந்தேன், இந்தா, இதேதான் இருந்தது." பாத்திரத்தைக் காட்டினார். "மருந்து செத்துப்போச்சு. மறுநாள் அதிகாரிங்க வர்றாங்க. இன்னிக்கு ஒருநாள் வெளியிலேருந்து மாவு வாங்கி வெச்சுடுவோம், நாளைக்குச் சரி பண்ணிக்கலாம்னார் முதலாளி. ஒருநாள்தானேன்னு தலையாட்டினேன்."

"தலையை ஒருதரம் ஆட்டினா அப்புறம் நிறுத்த முடியாது" என்றாள் அண்ணி.

"முடியல. கணக்குல இருக்கற கையெழுத்து என்னோடது. வாயைத் திறந்தா நான்தான் மோசடிக்காரன். வாயால சொல்ல எனக்குத் துணிச்சல் இல்ல. அதனால மூணு மட்டும் அடுக்கச் சொன்னேன். மேனேஜருக்கு அது சரியாப் பட்டது, மூணுக்கு மூணு, சந்தோஷம். வர்றவங்க படிச்சவங்க. ஒருத்தராவது, ஏம்ப்பா நாலாவது எங்கேன்னு கேப்பாங்க. கேட்ட உடனே எல்லாத்தையும் கக்கிடணும்னு தினமும் தயாரா நிப்பேன்." சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "காலியா இருக்கே, வசதியா இருக்கேன்னு அதுலயே ஏறி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க."

அரை வக்கீலுக்குச் சட்டைப்பையில் இருந்த போன் கனத்தது. தானும் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றோமே என்று வெட்கமாக இருந்தது.

"மருந்து டப்பாவை எதுக்கு எடுத்தீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"உயிர் வருதான்னு பார்க்கத்தான். கழுவிப் பார்த்தேன், வறுத்துப் பார்த்தேன். ராப்பகலா கிண்டறேன். வரல. திருடினேன்னு எழுதிக் குடுத்திருக்காங்களாமே, உண்மைதான். பிணத்தைத் திருடியிருக்கேன்."

"உங்களை இங்க ஏன் தேடலை?"

"இங்க தேடினா இந்தத் துண்டையெல்லாம் போலீஸுக்குக் காட்டணுமே. நான் அகப்படாம இருக்கறதுதான் அவங்களுக்கு நல்லது. மருந்து செத்துச்சுன்னா பழி கம்பெனிக்கு. திருடு போச்சுன்னா பழி எனக்கு."

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு டாக்டரின் மனைவியிடம் திரும்பினாள். எத்தனையோ பேருக்கு எத்தனையோ கெட்ட செய்தி சொன்னவள்தான். ஆனாலும் அன்றைக்கு வார்த்தை சுலபமாக வரவில்லை. "அம்மாடி, திருடன்ங்கற பேரை என்னால எடுத்துட முடியும். மருந்து செத்ததுன்னு நிரூபிக்கலாம், இந்தக் கூடத்தைக் காட்டினாப் போதும். ஆனா அந்த இடத்துல இன்னொரு பேர் வந்து உட்காரும். ஒரு வருஷம் ஊரை ஏமாத்தினவர்னு."

"வேற வழியில்லையா மேடம்?"

"இல்லம்மா."

அவள் அழுவாள் என்று அரை வக்கீல் எதிர்பார்த்தான். அழவில்லை. கைப்பையைத் திறந்து அந்தப் போட்டோவை எடுத்தாள். ஊரெல்லாம் காட்டி மூலை மடங்கிப் போன போட்டோ. எல்லோரும் அதில் அவர் முகத்தை மட்டும்தான் பார்த்தார்கள். அவளும் அப்படித்தான். இப்போது முதல்முறையாக, அவர் பார்த்த இடத்தைப் பார்த்தாள். தன் காலை.

மஞ்சள் கோட்டுக்கு நடுவில் அவள் செருப்பு. பக்கத்தில் பாப்பா ஒற்றைக் காலில், நொண்டி ஆடுகிற பாவனையில்.

"இங்க நில்லுன்னு நீங்கதான் சொன்னீங்க" என்றாள்.

"ஆமா."

"பாப்பா கட்டம் கட்டம்னு குதிச்சா. நான் அவளை அதட்டி நிக்கவெச்சேன்."

"விடுகதை உங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியும்" என்றார் அவர், தலையைக் குனிந்தபடி. "வேற யார் கேக்காட்டியும் நீ கேப்பேன்னு நினைச்சேன். குனிஞ்சு பார்த்துட்டு, ஏங்க, நாலாவது எங்கேன்னு. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் காத்துட்டு இருந்தேன். நீ சாயங்காலம் என்ன சமைக்கறதுன்னு கேட்டே."

அவள் போட்டோவை அடுப்புக்குப் பக்கத்தில், மருந்து டப்பாவின் மேல் வைத்தாள்.

"ஒரே தலையணையில படுத்தோம். ஒரே தட்டுல சாப்பிட்டோம்" என்றாள். குரல் உயரவேயில்லை. "காலடியில காட்டத் தெரிஞ்ச உங்களுக்கு, காதுல ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா?"

அவர் நிமிர்ந்தார். உதடு அசைந்தது. அதே நேரம் வெளியே ஹாரன் அடித்தது. கூடத்தின் பெரிய ஷட்டர் தடதடவென்று மேலே ஏற, வழியில் நின்றிருந்த லாரி வந்து தன் சுமையைக் கொட்ட ஆரம்பித்தது. நீலத் துண்டுகள் குவியலில் விழுந்து, சரிந்து, அறை வாசல் வரை உருண்டு வந்தன. அவர் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். கொட்டுகிற சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.